வீட்டில் காக்டெயில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பானகம் கலக்கத் தெரிந்த கைக்கு டாய்க்கிரி என்ற ரம்-எலுமிச்சைக் காக்டெயிலும் வரும். இதைச் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டு அவர்கள் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் பார்டெண்டர் இல்லை. பதினைந்து வருஷமாகச் சமையலறை மேடையில் கலக்கி, பாதியைச் சிங்க்கில் கொட்டிக் கற்றுக்கொண்டவன். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் குடிக்கச் சட்டப்படி 21 வயது ஆகியிருக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ளவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளவும்.

காக்டெயில் என்றால் என்ன? நாங்கள் போடுகிற ‘மிக்ஸிங்’கும் அதுவும் ஒன்றுதானே?

இல்லை. மிக்ஸிங் என்பது சரக்கின் வாடை தெரியாமல் இருக்க எதையாவது ஊற்றுவது. காக்டெயிலில் அந்த வாடைதான் கதாநாயகன், மற்றதெல்லாம் அதைத் தூக்கிப்பிடிக்க வருபவை.

1806-ல் நியூயார்க் மாநிலத்து ஹட்சன் ஊர்ப் பத்திரிகை ஒன்றில் ஒரு வாசகர் இதே கேள்வியைக் கேட்டார். ஆசிரியர் தந்த பதில்: ஏதேனும் ஒரு மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் எனும் கசப்புச் சாறு. நாலே பொருள், அதில் தண்ணீரும் ஒன்று என்பதைக் கவனியுங்கள்.

அதற்கும் முந்தையது ‘பஞ்ச்’. 1632-லேயே கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஒருவரின் கடிதத்தில் இந்தச் சொல் வந்துவிட்டது. சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், மசாலா என்று ஐந்து பொருள் சேர்வதால் ‘பாஞ்ச்’ என்ற இந்திச் சொல்லிலிருந்து வந்தது என்பதே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். சாராயத்தை எடுத்துவிட்டு அந்தப் பட்டியலை மறுபடி படியுங்கள்: வெல்லம், எலுமிச்சை, தண்ணீர், சுக்கு, ஏலக்காய். ராமநவமி அன்று வீட்டில் கலக்கியதுதான். புளிப்பு தூக்கினால் வெல்லம், இனிப்பு தூக்கினால் இன்னொரு மூடி எலுமிச்சை, இரண்டுமே தூக்கினால் தண்ணீர். காக்டெயிலுக்கும் இதே கணக்கு.

முதலில் எந்தெந்த பாட்டில் வாங்குவது?

ஒன்றே ஒன்று. ஜின் அல்லது வெள்ளை ரம், எது உங்களுக்குப் பிடிக்குமோ அது. யூடியூப் பார்த்துவிட்டு ஒரே நாளில் எட்டு பாட்டில் வாங்கியவர்கள் வீட்டில் ஆறு பாட்டில் ஷோகேஸில் தூசி பிடித்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவதாக ஒரு விஸ்கி. மூன்றாவதாக அங்கஸ்டுரா பிட்டர்ஸ். விலையைப் பார்த்து மலைக்காதீர்கள், சொட்டுக் கணக்கில்தான் போகும். ஒரு பாட்டில் இரண்டு வருஷத்துக்குக் குறையாமல் வரும். 1824-ல் வெனிசுவேலாவின் அங்கஸ்டுரா நகரில் சீகர்ட் என்ற ஜெர்மன் மருத்துவர் வயிற்றுக் கோளாறுக்கு மருந்தாக உருவாக்கியது. இன்று டிரினிடாடில் தயாராகிறது. பாட்டிலைவிட லேபிள் பெரிதாக, கழுத்துவரை ஏறி நிற்கும். டூப்ளிகேட் என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம், ஒரிஜினலே அப்படித்தான்.

பாட்டிலில் ஏன் எல்லாவற்றிலும் 42.8 என்றே போட்டிருக்கிறது?

வெள்ளைக்காரன் விட்டுப்போன கணக்கு. பழைய பிரிட்டிஷ் முறையில் சரக்கின் வீரியத்தை ‘புரூஃப்’ என்று அளந்தார்கள். வெடிமருந்தைச் சரக்கில் நனைத்துப் பற்றவைத்துப் பார்த்ததில் தொடங்கியது என்பார்கள். பற்றினால் தேறியது, பற்றாவிட்டால் தண்ணீர் கலந்தது. பிற்பாடு 57 சதவீத ஆல்கஹாலுக்குச் சற்று மேலே உள்ளதை 100 புரூஃப் என்று வரையறுத்தார்கள். அதில் முக்கால் பங்கு, அதாவது 75 புரூஃப், கிட்டத்தட்ட 42.8 சதவீதம். பிரிட்டனே அந்த முறையைக் கைவிட்டாயிற்று. நம் பாட்டில்களில் மட்டும் அந்த எண் குந்திக்கொண்டிருக்கிறது. வெளிநாட்டு பாட்டில்கள் பெரும்பாலும் 40 சதவீதம். கலக்கும்போது இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ள வேண்டாம்.

நம்ம ஊர் விஸ்கி விஸ்கியே இல்லை என்கிறார்களே?

பாதி உண்மை. விஸ்கி என்றால் தானியத்திலிருந்து வடித்து மரப்பீப்பாயில் ஊறவைத்தது. ஸ்காட்லாந்தில் ஓக் பீப்பாயில் குறைந்தது மூன்று வருஷம் இருக்க வேண்டும். அமெரிக்க பூர்பன் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளத்தில் செய்து, உட்புறம் கரிக்கப்பட்ட புதுப் பீப்பாயில் ஊற வேண்டும். வெனிலா மாதிரி ஒரு வாசம் வருவது அந்த மரத்திலிருந்து.

இங்கே மலிவாகக் கிடைக்கும் விஸ்கிகளில் பெரும்பாலானவை கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த ஆல்கஹாலில் கொஞ்சம் மால்ட் (முளைகட்டிய பார்லி) விஸ்கி கலந்தவை. பாகில் வடித்தால் முறைப்படி அது ரம்மின் உறவினர். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில் இவற்றை ‘விஸ்கி’ என்று எழுதி விற்க முடியாது. தமிழ்நாட்டில் கொடிகட்டிப் பறக்கும் பிராந்தியின் கதையும் இதேதான். பிராந்தி என்றால் திராட்சை ஒயினை வடித்தெடுப்பது. நம் கடைப் பிராந்தியில் பலவற்றுக்கும் திராட்சைக்கும் தூரத்துச் சொந்தம்.

மீதிப் பாதி: பெங்களூரின் அம்ருத், கோவாவின் பால் ஜான் போன்றவை பார்லியில் வடித்த அசல் சிங்கிள் மால்ட். நம் வெப்பத்தில் பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போவதும் அதிகம். ஸ்காட்லாந்தில் வருஷத்துக்கு 2 சதவீதம் அளவுக்குக் குறைந்தால், பெங்களூரில் 10 சதவீதத்தைத் தாண்டும். அதனால் இங்கே ஐந்து வருஷத்திலேயே நன்றாக முற்றிவிடுகிறது. அவற்றைக் காக்டெயிலில் ஊற்றாதீர்கள், பாவம்.

ரம் மட்டும் நமக்கு வஞ்சகம் செய்வதில்லை. கரும்புப் பாகில் வடிப்பதுதான் அதன் இலக்கணமே. ஓல்ட் மாங்கை 1954 முதல் குடித்துவருகிறார்கள். கோலா, ஐஸ், அரை எலுமிச்சை சேர்த்தால் அதுவே கூபா லிப்ரே என்ற காக்டெயிலின் கருத்த பதிப்பு. எலுமிச்சையை விட்டுவிட்டால் அது வெறும் ரம்-கோலா.

ஜின், வோட்கா, டெக்கீலா: ஒரு வரியில்?

வோட்கா: வாசனை எல்லாம் போகும்வரை சுத்தம் செய்த ஆல்கஹால். ஜின்: அதே மாதிரி ஆல்கஹாலில் ஜூனிபர் காயையும் கொத்தமல்லி விதை, பழத்தோல், வேர் போன்றவற்றையும் சேர்த்து வாசம் ஏற்றியது. டெக்கீலா: மெக்சிகோவின் நீலக் கற்றாழைக் கிழங்கைச் சுட்டுப் பிழிந்து வடித்தது. லேபிளில் நூறு சதவீதம் கற்றாழை என்று இல்லாவிட்டால் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வேறு சர்க்கரை கலந்திருக்கலாம். மறுநாள் தலைவலிக்கு அதன்மேல் பழி போடுவார்கள். நான் எண்ணிக்கையின்மேல் போடுவேன்.

டானிக் வாட்டரும் சோடாவும் ஒன்றுதானா?

இந்தத் தவறை நானே ஒரு விருந்தில் செய்திருக்கிறேன். சோடா வெறும் காற்றேற்றிய தண்ணீர். டானிக்கில் சர்க்கரையும் உண்டு, குவினைனின் கசப்பும் உண்டு. மலேரியாவுக்குத் தந்த சிங்கோனா மரப்பட்டை மருந்துதான் குவினைன். இந்த மரத்தை 1860-களில் பிரிட்டிஷார் தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து நீலகிரியில் நட்டார்கள். ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் வழியில் நடுவட்டத்தில் சிங்கோனாத் தோட்டமும் குவினைன் தொழிற்சாலையும் இருந்தன. கசப்பை விழுங்கச் சர்க்கரையும் எலுமிச்சையும் ஜின்னும் சேர்த்ததுதான் ஜின்-டானிக் என்று சொல்வார்கள். இன்றைய டானிக்கில் குவினைன் பேருக்குத்தான் இருக்கிறது, கொசு பயப்படாது. ஆனால் புற ஊதா விளக்கில் காட்டினால் நீலமாக ஒளிரும்.

50 மி.லி. ஜின்னுக்கு 120 மி.லி. டானிக், நிறைய ஐஸ். டானிக் பாட்டில் குளிர்ந்திருக்க வேண்டும். அறை வெப்பத்தில் இருக்கும் டானிக்கை ஊற்றினால் காற்று போய்ச் சர்க்கரைத் தண்ணீர்தான் மிஞ்சும்.

ஷேக்கர், ஜிக்கர் (அளவுக் கோப்பை) எல்லாம் வாங்கியே ஆக வேண்டுமா?

வேண்டாம். மூடி இறுக்கமான பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் நல்ல ஷேக்கர். டீ வடிகட்டி போதும். அளக்க, இருமல் மருந்தோடு வரும் பிளாஸ்டிக் மூடி: 5, 10, 15 என்று கோடு போட்டிருக்கும். நன்றாகக் கழுவுங்கள், எனக்கு ஒருமுறை மார்ட்டினியில் இஞ்சி-துளசி வாசம் வந்தது.

அளப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ‘ஒரு கட்டிங்’, ‘கண்ணளவு’ எல்லாம் இங்கே செல்லாது. 5 மி.லி. எலுமிச்சைச் சாறு கூடினால் ஒரு டாய்க்கிரி கெட்டுப்போகும்.

ஐஸில் என்ன இருக்கிறது? ஐஸ் ஐஸ்தானே?

எல்லாமே அதில்தான் இருக்கிறது.

ஐஸ் குளிர்விப்பது தான் குளிராக இருப்பதால் மட்டுமில்லை, உருகுவதாலும்தான். ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். அதைச் சரக்கிலிருந்து உறிஞ்சுகிறது. ஆக, உருகாமல் குளிராது, குளிர்ந்தால் தண்ணீர் சேராமல் இருக்காது. அந்தத் தண்ணீர் குற்றமில்லை, ரெசிபியில் எழுதாத ஒரு பொருள். 105 மி.லி. டாய்க்கிரியை ஐஸோடு நன்றாகக் குலுக்கினால் வெளியே வருவது 150-ஐத் தொடும். ஆல்கஹால் இருப்பதால் பூஜ்ஜியம் டிகிரிக்கும் கீழே, மைனஸ் ஐந்து வாக்கில் இறங்கும். ‘தண்ணி கலந்தா கிக்கு போயிடும்’ என்று சொல்பவரிடம் ஐஸ் இல்லாமல் ஒன்று கலந்து கொடுத்துப் பாருங்கள், இரண்டாவது வாய் குடிக்க மாட்டார்.

ஐஸ் குறைவாகப் போட்டால் தண்ணீர் குறையும் என்று நினைப்பது தலைகீழ்க் கணக்கு. குறைந்த ஐஸ் சீக்கிரம் முழுதும் உருகி, சரக்கும் சரியாகக் குளிராது. பாட்டில் நிறையப் போடுங்கள்.

ஃப்ரீஸரில் மீன், அரைத்த மசாலா, மாவு எல்லாம் சேர்ந்து குடியிருக்கும் வீடா? ஐஸ் ட்ரேயை மூடி வையுங்கள். எங்கள் வீட்டில் வஞ்சிரம் வாசத்தோடு ஒரு நெக்ரோனி குடித்த அனுபவம் உண்டு. குடிதண்ணீர் கேன் தண்ணீரிலேயே ஐஸ் வையுங்கள், குழாய்த் தண்ணீர் வேண்டாம்.

எப்போது குலுக்குவது, எப்போது கலக்குவது?

சாறு, முட்டை, பால், கிரீம் இருந்தால் பத்துப் பன்னிரண்டு விநாடி குலுக்குங்கள். வெறும் மது வகைகள் மட்டுமே என்றால் நீளக் கரண்டியால் அரை நிமிடம் கலக்குங்கள். குலுக்கினால் காற்றுக் குமிழும் ஐஸ் துணுக்கும் சேர்ந்து கலங்கலாகும். டாய்க்கிரிக்கு அது அழகு, மார்ட்டினிக்கு அழகில்லை. ருசியில் பெரிய பாவம் எதுவும் இல்லை.

ரெசிபியில் லெமன், லைம் என்று இரண்டு வருகிறதே, நம் எலுமிச்சை எது?

நம் கடைகளில் கிடைக்கும் சின்ன உருண்டை எலுமிச்சைதான் அவர்கள் சொல்லும் லைம் வகை. பச்சையாக இருந்தால்தான் லைம், மஞ்சளானால் லெமன் என்று பலர் நினைக்கிறார்கள். நம் பழம் பழுத்தால் மஞ்சளாகும், அவ்வளவே. லெமன் என்பது தடித்த தோலுடைய பெரிய மஞ்சள் பழம், இங்கே அபூர்வம்.

இது நமக்கு லாபம். டாய்க்கிரி, மார்கரிட்டா, கிம்லெட் மூன்றுமே லைமுக்கென்று பிறந்தவை. நியூயார்க்காரர் தேடி வாங்குவதை நாம் முக்குக் கடையில் வாங்குகிறோம். லெமன் கேட்கும் விஸ்கி சவர், சைட்கார் போன்றவற்றிலும் நம் பழத்தைப் போடலாம். வாசம் மாறும், கொஞ்சம் கூர்மையாக இருக்கும், சாற்றை ஒரு 5 மி.லி. குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு பழத்தில் 15 முதல் 20 மி.லி. சாறு வரும். பிழியும் முன் மேடையில் வைத்து உள்ளங்கையால் உருட்டுங்கள். நேற்றே பிழிந்துவைத்த சாறு வேண்டவே வேண்டாம். எலுமிச்சைச் சாதம் தாங்கும், டாய்க்கிரி தாங்காது.

சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் சேர்த்துச் சூடாக்கிக் கரைத்தால் பாகு தயார். கம்பிப்பதம் எல்லாம் பார்க்க வேண்டாம், கரைந்தால் போதும். ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று வாரம் இருக்கும்.

சரி, அளவு சொல்லுங்கள்.

எண்கள் எல்லாம் மி.லி. கணக்கு. டாய்க்கிரி: வெள்ளை ரம் 60, எலுமிச்சைச் சாறு 25, பாகு 20. குலுக்கி வடிகட்டவும். கியூபாவின் சாண்டியாகோ அருகே டாய்க்கிரி என்ற இடத்துச் சுரங்கத்தில் வேலைபார்த்த ஜென்னிங்ஸ் காக்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1890-களின் கடைசியில் உருவாக்கியதாகச் சொல்வார்கள். எனக்கு ஒரு ஊரின் பார்டெண்டரைச் சோதிக்க வேண்டுமென்றால் இதைத்தான் கேட்பேன். ஒளிந்துகொள்ள இதில் இடமே இல்லை.

ஓல்ட் ஃபேஷண்ட்: விஸ்கி 60, பாகு ஒரு டீஸ்பூன், பிட்டர்ஸ் மூன்று சொட்டு. பெரிய ஐஸ் கட்டியோடு கலக்கி, மேலே ஆரஞ்சுத் தோலைப் பிழியவும். கமலா ஆரஞ்சின் மெலிந்த தோல் போதும். விரலால் மடக்கினால் எண்ணெய் தெறிப்பது கண்ணுக்கே தெரியும்.

நெக்ரோனி: ஜின், காம்பாரி என்ற கசப்பு மது, சிவப்பு இனிப்பு வெர்மூத் மூன்றும் 30, 30, 30. முதல் தடவை குடிப்பவர் முகம் சுளிப்பார். பாகற்காய் பிடித்தவர்களுக்கு மூன்றாவது வாயில் பிடித்துவிடும். 1919-ல் ஃபிளாரன்ஸில் நெக்ரோனி பிரபு அமெரிக்கானோ என்ற காக்டெயிலில் சோடாவுக்குப் பதில் ஜின் கேட்டதில் பிறந்ததாகக் கதை.

மார்ட்டினி: ஜின் 60, ட்ரை வெர்மூத் 10. அது சர்வதேச பார்டெண்டர் சங்கத்தின் அளவு. எனக்கு 15 பிடிக்கும்.

வெர்மூத் பாட்டிலை எங்கே வைப்பது?

ஃபிரிட்ஜில். அது மூலிகை சேர்த்து, ஆல்கஹால் கூட்டிய ஒயின். திறந்தபின் ஒயின் மாதிரியே கெடும். இது தெரியாமல் ஆறு மாதம் ஷோகேஸில் வைத்திருந்து, ‘மார்ட்டினி எனக்குப் பிடிக்காது’ என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குப் பிடிக்காமல் போனது கெட்டுப்போன ஒயின். டாஸ்மாக் எலைட் கடையில் தேடி வாங்கிய பாட்டிலாக இருந்தாலும் ஒன்றிரண்டு மாதத்தில் முடித்துவிடுங்கள்.

விஸ்கி சவரில் பச்சை முட்டையா?

வெள்ளைக்கரு மட்டும், நுரைக்காக. முட்டை பிடிக்காதவருக்கும் பச்சை முட்டைக்குப் பயப்படுபவருக்கும் நம் அடுப்பிலேயே மாற்று இருக்கிறது: கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர். உப்புப் போடாமல் வேகவைத்து, கொழகொழவென்று ஆகும்வரை சுண்டவிட்டு, ஆறியதும் 20 மி.லி. ஊற்றுங்கள். முதலில் ஐஸ் இல்லாமல் ஒரு குலுக்கு, பிறகு ஐஸோடு ஒரு குலுக்கு. சுண்டல் வாசம் வராது, நுரை ஒரு விரல் நிற்கும்.

கருப்பட்டி, தென்னஞ்சாராயம் எல்லாம் கிளாசிக் காக்டெயிலில் எடுபடுமா?

கருப்பட்டிப் பாகு ரம்மோடு ஒட்டிப் பிறந்தது போலச் சேரும். கருத்த ரம் 60, கருப்பட்டிப் பாகு ஒரு டீஸ்பூன், பிட்டர்ஸ்: இதுதான் வீட்டில் நான் அதிகம் கலக்குவது. கருப்பட்டியில் மண் இருக்கும், துணியில் வடிகட்டுங்கள்.

இலங்கையின் தென்னஞ்சாராயம் இன்னும் சுவையான விஷயம். தென்னம்பாளையில் இறக்கிய கள் தானே புளித்துவிடும், அதை வடித்து ஹல்மில்லை மரத் தொட்டிகளில் வைப்பார்கள். விஸ்கிக்கும் ரம்முக்கும் நடுவே ஒரு ருசி. பழைய பஞ்ச் கலக்க அராக் எனும் சாராயம் தேடிய கம்பெனிக்காரர்கள் குடித்ததும் கள்ளிலோ கரும்பிலோ வடித்த இப்படிப்பட்ட சரக்குதான். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ சொந்தம் இருந்தால் வரும்போது ஒரு பாட்டில் கேளுங்கள். 60 சாராயம், 20 எலுமிச்சை, 20 கருப்பட்டிப் பாகு, ஒரு சிட்டிகை சாதிக்காய். குலுக்கவும்.

அப்படியானால் வீட்டிலேயே காய்ச்சினால் என்ன?

கூடாது. தமிழ்நாட்டில் குற்றம் என்பது ஒருபக்கம். இன்னொரு பக்கம் மெத்தனால் என்ற விஷ ஆல்கஹால்: அது உடம்புக்குள் போனால் ஃபார்மிக் அமிலமாகிக் கண் நரம்பைத்தான் முதலில் பிடிக்கும். கண்ணாலோ மூக்காலோ அதைப் பிரித்தறிய முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தது மெத்தனால் கலந்த சாராயத்தில்தான். சீல் வைத்த பாட்டிலைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள்.

காக்டெயில் லேசானதுதானே? எத்தனை குடிக்கலாம்?

லேசானதாகத் தெரியும், அதுதான் சிக்கல். கணக்குப் பாருங்கள்: 42.8 சதவீதச் சரக்கு 60 மி.லி. என்றால் சுத்த ஆல்கஹால் 20 கிராம். நெக்ரோனியிலும் மூன்று பாட்டிலின் ஆல்கஹாலையும் கூட்டினால் அதே 20 கிராம்தான். உடம்பு ஒரு மணி நேரத்தில் கரைப்பது ஏழெட்டு கிராம் அளவுக்குத்தான். ஆக ஒரு கிளாஸ் இறங்கவே இரண்டரை மணி நேரம். நான் இரண்டோடு நிறுத்துவேன், மூன்றாவது கலக்கும்போது அளவு தவறுகிறது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லியாயிற்று. வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிப்பது 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராம். ஒரே டாய்க்கிரி பலரை அதைத் தாண்ட வைக்கும். வந்தவர்களுக்கு ஆட்டோ புக் செய்யுங்கள். மெட்ரோனிடசோல் மாத்திரை சாப்பிடுகிறவர் தொடவே வேண்டாம்.

பிராந்தி உடம்புக்குச் சூடு, குளிருக்கு நல்லது என்கிறார்களே?

தோலுக்கு அடியில் ரத்தக் குழாய் விரிவதால் சூடாகத் தோன்றும். உண்மையில் உடம்புச் சூடு வெளியேறிக்கொண்டிருக்கும். சளி பிடித்த குழந்தைக்கு ஒரு சொட்டு என்று பாட்டி சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

குடிக்காத நண்பருக்கு என்ன கலக்குவது?

சோடாவில் பிட்டர்ஸ் விட்டுக் கொடுப்பது பார்களில் வழக்கம். ஆனால் அங்கஸ்டுராவில் 44.7 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறது; மதத்துக்காகவோ மருந்துக்காகவோ குடியை விட்டதற்காகவோ தொடாதவரிடம் சொல்லாமல் விடக் கூடாது. அவருக்கு நான் கொடுப்பது: கருப்பட்டிப் பாகு 25, எலுமிச்சை 25, இடித்த சுக்கு, ஒரு ஏலக்காய், துளி உப்பு. ஐஸோடு குலுக்கி, டீ வடிகட்டியில் வடித்து, குளிர்ந்த சோடாவால் நிரப்புங்கள். மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே கண்ணாடி கிளாஸில் ஊற்றுங்கள். எங்கள் வீட்டில் பெரும்பாலும் அந்த ஜாடிதான் முதலில் காலியாகிறது.